சொல்விளம்பி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், அடையாற்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தபோது, சங்கப் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவேன் என்றே எண்ணியிருப்பார். நான் கொண்டுவந்திருக்கும் பொருளோ ஆஸ்திரேலியரின் பேச்சுவழக்கும் அவர்தம் திராட்சை மதுவும். தமிழ் கற்பிக்கும் ஒரு பெண் இப்பொருளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் புருவம் உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. பொறுத்தருள வேண்டும். சுற்றி வந்து நம் வீட்டு வாயிலில்தான் நிற்கப்போகிறேன்.

இப்பொருளுக்கு நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. அடையாற்றிலும் திருவான்மியூரிலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கும் மேற்பட்டவர்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க முதன்முறையாக அங்கே புறப்படும் பெற்றோர் இந்த அவையிலும் இருப்பீர்கள். சென்ற ஆண்டு அடிலெய்டு நகரில் வாழும் என் தங்கை வீட்டில் ஆறு வாரம் தங்கி மீண்டவள் என்ற உரிமையில், உங்களுக்கு ஓர் ஆற்றுப்படை சொல்கிறேன்.

ஆற்றுப்படை என்ற சொல்லை விளையாட்டாகச் சொல்லவில்லை. முன்பின் அறியாத நாட்டுக்குச் செல்பவனுக்கு, ஏற்கெனவே சென்று மீண்டவன் வழிசொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்தவர்கள் நம் முன்னோர். வழியும் வள்ளலும் மட்டுமா அதில் வருகின்றன? எந்த ஊரில் என்ன சொல்லி உள்ளே நுழைய வேண்டும், எங்கே என்ன பருகத் தருவார்கள் என்பனவும் வருகின்றன. மலைபடுகடாம், நன்னனுடைய கூத்தர் என்று சொல்லிவிட்டுச் சொந்த வீட்டில் நுழைவதுபோல மலைச்சிற்றூரில் நுழையுங்கள் என்கிறது. மூங்கிற் குழாயில் விளைந்த தேன்கள்ளின் தெளிவு அங்கே கிடைக்கும் என்கிறது. பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் கூழோடு முளைநெல் சேர்த்துச் சாடியில் இரு பகலும் இரு இரவும் விளையவைத்த கள்ளைச் சொல்கிறது. சொல்லும் கள்ளும் புதியவனுக்கு அறிமுகப்படுத்த வேண்டிய இரண்டு பொருள்கள் என்பது நம் மரபுக்குப் புதிதன்று.

இவ்விரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும் நூல் ஒன்றும் உண்டு. அது இலக்கண நூல்! பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தியாரின் நன்னூல், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கிறது. குழூஉக்குறியாவது ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் மறைசொல். உரையாசிரியர்கள் மூன்று எடுத்துக்காட்டுகள் தருவார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது ஒன்று. யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பது மற்றொன்று. வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பது மூன்றாவது. சொல்லை விளம்பச் செய்வது, வாய் திறக்க வைப்பது கள்! இந்தப் பெயரைச் சூட்டிய வேடன் பெயர் நமக்குத் தெரியாது. அவனை நான் கவிஞன் என்றே கருதுகிறேன்.

இனி அடிலெய்டுக்கு வருவோம். அங்கே சென்ற முதல் சனிக்கிழமை. மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரியும் தங்கை வேலைக்குப் போய்விட்டாள். வேலிக்கு அப்பால் இருந்து அடுத்த வீட்டு மூதாட்டி என்னை அழைத்தார். "இன்று ஆர்வோ எங்கள் வீட்டில் பார்பி, நீங்களும் வாருங்கள், ஒரு தட்டுக் கொண்டு வாருங்கள்" என்பது அவர் சொன்னதன் சாரம். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு ஆர்வோவும் விளங்கவில்லை, பார்பியும் விளங்கவில்லை. தட்டு மட்டும் விளங்கியது. கூட்டம் பெரிது, அவர் வீட்டில் தட்டுப் போதவில்லை போலும் என்று எண்ணி, தங்கை வீட்டு எவர்சில்வர் தட்டு ஒன்றை நன்றாகத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

போனால், வந்திருந்த ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஓர் உணவு. ஒருவர் பழக்கலவை கொண்டுவந்திருந்தார், ஒருவர் பணியாரம் போன்ற ஒன்று. 'தட்டுக் கொண்டு வா' என்றால் பகிர்ந்துண்ண ஒரு பண்டம் சமைத்துக் கொண்டு வா என்பது அந்நாட்டு வழக்கு. அத்தனை பேர் நடுவிலும் வெறுந்தட்டோடு நின்றவள் நான் ஒருத்தி. அந்த மூதாட்டி ஒரு நொடி தட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை, விளக்கவும் இல்லை. தட்டை இரு கையாலும் வாங்கி, பாலாடைக்கட்டித் துண்டுகளையும் திராட்சைக் கொத்தையும் அதில் அடுக்கி, மேசையின் நடுவே வைத்தார். "இவர் கொண்டுவந்தது" என்றார். இரவு தங்கை வந்து சொன்ன பிறகுதான் எனக்கு நடந்தது புரிந்தது. மறுநாள் தட்டை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதன் பெயர் என்ன என்றார். தட்டை என்றேன். நேற்றுக் கொண்டுவந்ததன் பெயர் என்றார். தட்டு என்றேன். நேற்று அடக்கிய சிரிப்பையும் சேர்த்து அன்று சிரித்தார்.

அந்த வழக்குச் சொற்களின் அமைப்பை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீண்ட சொல்லின் வாலை வெட்டி, 'ஈ' என்றோ 'ஓ' என்றோ ஓர் ஒலி சேர்ப்பது அவர்கள் மரபு. பிற்பகலாகிய ஆப்டர்நூன் 'ஆர்வோ', காலையுணவு 'பிரெக்கி', அனலில் வாட்டும் விருந்து 'பார்பி', பெட்ரோல் நிலையம் 'செர்வோ', பிரிஸ்பேன் நகரம் 'பிரிஸ்ஸி'. தஞ்சாவூரைத் தஞ்சை என்றும் கோயம்புத்தூரைக் கோவை என்றும் புதுச்சேரியைப் புதுவை என்றும் வழங்கும் நமக்கு இது வியப்பன்று. நாம் அதை மரூஉ என்று கற்பிக்கிறோம். செம்பட்டைத் தலைமுடி உடையவனை அவர்கள் 'புளூவி', அதாவது 'நீலன்', என்று அழைப்பார்கள். இதுவும் வியப்பன்று. கறுத்த ஆட்டையும் வெள்ளாடு என்னும் வழக்கை நன்னூல் உரைகள் மங்கலத்துக்கு எடுத்துக்காட்டுவன அல்லவா?

சில சொற்களில் கவனம் தேவை. 'டீக்கு வாருங்கள்' என்று மாலை ஆறு மணிக்கு அழைத்தால் அது பெரும்பாலும் இரவு உணவாக இருக்கும். வீட்டில் இட்டிலி உண்டு போகாதீர்கள். 'ஹவ் யா கோயிங்' என்று கேட்டால் நலமா என்று பொருள். நான் பேருந்தில் போகிறேன் என்று விடை சொன்னேன். நம் ஊரில் எதிர்ப்படுவோரிடம் "எங்கே, தூரமா?" என்கிறோம். நாமும் விடையை எதிர்பார்ப்பதில்லையே.

அடுத்தது மது. அன்று விருந்தில் எனக்கும் கோப்பை நீட்டினார்கள். நான் அருந்துவதில்லை என்றேன். ஏன் என்று எவரும் கேட்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. மறுப்பதில் அங்கே கூச்சம் வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக எலுமிச்சையும் 'பிட்டர்ஸ்' என்னும் கசப்புச் சாறும் கலந்த பானம் ஒன்று தந்தார்கள். குளிர்பானம் என்றே எங்கும் விற்கப்படுவது அது. அந்தக் கசப்புச் சாறு சில துளிதான் என்றாலும் சாராயத்தில் ஊறியது என்பதைத் தங்கை பிறகு சொன்னாள். ஆக, சொல்விளம்பி சில துளி என் நாவிலும் பட்டிருக்கிறது. இன்றைய பேச்சு நீண்டால் அதுவே காரணம்.

அடிலெய்டுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் பரோசா பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆஸ்திரேலிய மண்ணுக்குத் திராட்சை உரியதன்று. 1788-இல் வந்த முதற்கப்பல்களில் கொடிகள் வந்தன. 1832-இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான வகைகளின் கொடித்துண்டுகளைத் திரட்டிச் சிட்னிக்கு அனுப்பினார். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொணர்ந்ததும் அதே 1832 என்று சொல்லப்படுவது ஓர் இனிய ஒற்றுமை. பரோசாவில் 1842 முதல் குடியேறியவர்கள், தம் வழிபாட்டு முறையில் அரசு தலையிட்டதால் ஜெர்மானிய நாட்டுப் பகுதிகளிலிருந்து வெளியேறிய லூத்தரன் கிறித்தவர்கள். 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் அங்கே இன்றும் காய்க்கின்றன. முறுக்கிய கரிய தண்டுகள், இடுப்பளவு உயரம், பார்த்தால் நம் ஊர்ப் பழைய மல்லிகைப் புதர் நினைவுக்கு வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பைலாக்செரா என்னும் நுண்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை வேரோடு அழித்தது. விக்டோரியாவிலும் அது புகுந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது புகவில்லை. ஆகவே தோட்டத்துக்குள் நடக்காதீர்கள் என்று வேலிதோறும் எழுதிவைத்திருக்கிறார்கள். காலணி மண்ணோடு பூச்சி வந்துவிடும் என்ற அச்சம். செல்வோர் இதை மதிக்க வேண்டுகிறேன். 'செல்லர் டோர்' என்ற பலகை கண்ட இடத்தில் மட்டும் நுழையலாம்; சுவைத்துப் பார்க்கத் தருவார்கள்; சுவைத்ததைத் துப்புவதற்குக் கலமும் இருக்கும். துப்புவது அங்கே அவமதிப்பு ஆகாது.

கவிஞர்களுக்கென்று ஒரு செய்தி. அந்நாட்டின் புகழ்பெற்ற மது கிரேஞ்ச். அதை 1951-இல் முதன்முதலாக ஆக்கியவர் மாக்ஸ் ஷூபர்ட். சுவைத்தவர்கள் பழித்தார்கள், 1957-இல் நிறுத்திவிடுமாறு மேலிடம் ஆணையிட்டது. அவர் நிறுத்தவில்லை, மூன்றாண்டுகள் மறைவாக ஆக்கி வைத்தார். ஆண்டுகள் செல்ல, முதலில் ஆக்கியவை முதிர்ந்து சுவை கூடின. மேலிடம் மனம் மாறியது. திருப்பியனுப்பப்பட்ட கவிதைகளைப் பெட்டியில் வைத்திருப்போர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இத்தகைய விலையுயர்ந்த மதுவைப் பற்றிப் பேசும்போது அவர்கள் மொழி அடங்கி ஒலிக்கிறது. மலிந்த மதுவுக்கு வரும்போதுதான் சொல் களிக்கிறது. 1965-இல் தாமஸ் ஆங்கோவ் என்பவர் அட்டைப்பெட்டிக்குள் பை வைத்து மதுவை விற்க வழிகண்டார். மக்கள் அதற்கு 'ஷாட்டோ கார்ட்போர்ட்' என்று பெயரிட்டார்கள். பிரெஞ்சு மதுப்புட்டிகளில் மாளிகைப் பெயர் இருக்கும். இது அட்டை மாளிகை! மட்டமான மது 'பிளாங்க்'. முதல் உலகப்போரில் பிரான்சு சென்ற படைவீரர்கள் வெள்ளைமதுவுக்குரிய பிரெஞ்சுப் பெயரை வாய்க்கு வந்தபடி சிதைத்ததால் வந்தது என்பர். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டி 'கிளீன்ஸ்கின்'. சூட்டுக்குறி இடாத மாட்டுக்கு இடையர்கள் வைத்த பெயர் அது. மந்தையிலிருந்து மதுக்கடைக்கு வந்திருக்கிறது.

'ஷவுட்' என்றொரு சொல்லையும் அறிந்துகொள்ள வேண்டும். கூடியிருப்போர் அனைவருக்கும் ஒருவர் வாங்கித் தருவது ஷவுட். அடுத்த சுற்று அடுத்தவர் முறை. தன் முறை வரும்போது நழுவுகிறவனை அவர்கள் மன்னிப்பதில்லை. இதைக் கேட்டபோது எனக்கு அதியமான் நெடுமான் அஞ்சியின் நினைவு வந்தது. அவன் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலையில், கள் சிறிதளவே கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாம் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று அழுகிறார். மாண்ட மன்னனின் வீரத்துக்கும் முன்னே அவருக்கு நினைவு வந்தது, அவன் கள்ளைப் பங்கிட்ட முறை. நக்கீரரோ, யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பருகி வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். அந்த மது வந்த சாடிகளின் உடைந்த ஓடுகள் அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்தன. அயல்நாட்டுத் திராட்சை மது நமக்கு இன்று நேற்று அறிமுகமானதன்று. அதே மரபில் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார் என்பதையும் நான் மறக்கவில்லை.

அன்புடையீர், ஆற்றுப்படை இங்கே முடிகிறது. இனி என் குறை ஒன்றைச் சொல்லவேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இளங்கலை முதலாண்டு வகுப்பில் குழூஉக்குறி நடத்திக்கொண்டிருந்தேன். பறி, காரை, சொல்விளம்பி மூன்றையும் சொல்லிவிட்டு, இக்காலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள் என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த மீனவர் குப்பத்துப் பெண். "கட்டிங், மேடம்" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் முகஞ்சுளித்து, "வகுப்பறையில் சொல்லத்தக்க சொல்லாகச் சொல்" என்றேன். "மெய்யாலுமே அது..." என்று தொடங்கியவளை, "உண்மையாகவே என்று சொல்" எனத் திருத்தினேன். உட்கார்ந்துவிட்டாள். மூன்றாண்டுகளும் என் வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை.

அவள் சொன்னது என்ன? நம் மாநில மதுக்கடைகளில் 'குவார்ட்டர்' என்பது 180 மில்லி. முழுவதும் வாங்கப் பணம் இல்லாதவன், தன்னைப் போன்ற இன்னொருவனைக் கடைவாயிலில் தேடுகிறான். இருவரும் சேர்ந்து வாங்கிப் பாதியாய்ப் பிரிக்கும் பங்கே கட்டிங். இது முன்பின் அறியாத இருவர் செய்துகொள்ளும் உடன்படிக்கை. அதற்கு ஒரு சொல். அக்கூட்டத்தார்க்கு வெளியே எவருக்கும் விளங்காத சொல். இலக்கணம் கேட்ட விடையை அவள் இம்மியும் பிசகாமல் சொல்லியிருந்தாள். 'சொல்விளம்பி'க்கு இன்று ஓர் இணை தேடினால் இதைவிடப் பொருத்தமானது எனக்கு அகப்படவில்லை. அச்சொல்லை அவள் எந்த வீட்டில், எத்தகைய இரவுகளில் கேட்டிருப்பாள் என்று நான் எண்ணிப் பார்க்கவும் இல்லை. பழைய வேடனின் சொல்லை உரையாசிரியர் மதித்து ஏட்டில் ஏற்றினார். என் மாணவியின் சொல்லை நான் பலகையில் எழுத மறுத்தேன்.

நான் திருத்திய 'மெய்யாலுமே' என்பதில் பிழை ஏதும் இல்லை. மெய் என்பதைவிடத் தூய தமிழ்ச்சொல்லை எங்கே தேடுவது? சென்னை வழக்கை நாம் கீழானது என்கிறோம். அதன் சொற்களைச் சற்றே திறந்து பார்த்தால் இந்நகரின் வரலாறு உள்ளே இருக்கிறது. 'துட்டு' டச்சுக்காரரின் நாணயப் பெயர். 'பேஜார்', 'நாஷ்டா', 'தபா', 'பேமானி' என்பன பாரசீகமும் அரபியும் உருதுவின் வழியே வந்து தங்கியவை. 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பிய ஆர்க்காட்டு நவாபின் சுற்றமும் படையும் இம்மண்ணில் விட்டுச்சென்ற மொழியின் சுவடுகள் அவற்றில் உண்டு. 'நைனா' தெலுங்கு. வசைச்சொல்லாகிய 'கஸ்மாலம்' வடமொழியின் 'கச்மலம்'. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அருச்சுனனிடம் பேசத் தொடங்கும்போதே வருகிற சொல் அது. தேர்த்தட்டில் ஒலித்தால் தத்துவம், தெருக்குழாயடியில் ஒலித்தால் கொச்சையா?

ஆஸ்திரேலியாவில் கடும் உழைப்பை 'யாக்கா' என்கிறார்கள். அது பிரிஸ்பேன் பகுதியின் தொல்குடியினருடைய மொழிச்சொல். குடியேறிய வெள்ளையர் அம்மக்களின் நிலத்தைப் பறித்தனர். சில சொற்களை மட்டும் வைத்துக்கொண்டனர். அடிலெய்டு நிலத்துக்கு உரியவர்கள் கௌர்னா மக்கள். அவர்களுடைய மொழியைச் சரளமாகப் பேசியவர்களில் கடைசியாக அறியப்பட்ட பெண்மணி 1929-இல் மறைந்தார். 1840-இல் இரு ஜெர்மானியப் பாதிரிமார் எழுதிவைத்த இலக்கணமும் சொற்பட்டியும் இருந்ததால், இன்று அம்மக்கள் தம் மொழியை மீண்டும் கற்றுப் பேசுகிறார்கள். யாரோ ஒருவர் காதுகொடுத்து எழுதிவைத்ததன் பயன் அது.

வெறுந்தட்டோடு நின்ற அன்று, எனக்குத் தெரியாத சொல்லுக்காக என்னை யாரும் சிரிக்கவில்லை. அந்த மூதாட்டிக்கு மொழியியல் தெரியாது. தட்டை வாங்கி நிரப்பத் தெரிந்திருந்தது. நிரம்பிய தட்டோடு வந்த மாணவியை நான் திருப்பி அனுப்பினேன். அவள் பட்டம் பெற்றுப் போய்விட்டாள். இப்போது எங்கிருக்கிறாள் என்று அறியேன். அவளிடம் சொல்ல வேண்டியதை இந்த அவையில் சொல்கிறேன். விடை சரி. தவறு என்னுடையது.

வட்டத்தாருக்கு ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறேன். நாம் கூடும் இந்த மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் கடல் இருக்கிறது. அங்கே காற்றைக் கொண்டல், வாடை, கச்சான் என்றும், நீரோட்டத்தைத் தெண்டி, வன்னி என்றும் பிரித்தறிந்து பெயரிட்டு வழங்கும் மக்கள் இருக்கிறார்கள். பத்தாண்டுகளில் நாம் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். அவர்களில் ஒருவரையேனும் பேச அழைத்ததாக எனக்கு நினைவில்லை. வரும் ஆண்டில் ஒரு மாதக் கூட்டத்தையாவது அவர்களுக்கென ஒதுக்குவோம். அன்று நாம் உரையாற்ற வேண்டாம். கவிதையும் படிக்க வேண்டாம். ஏடும் எழுதுகோலும் கொண்டுபோய்க் கேட்டு எழுதிக்கொள்வோம். ஒரு தட்டும் கொண்டுபோவோம், வெறுந்தட்டாக அன்று.